இரண்டு ஆல்பம், நடுவில் 12 ஆண்டு: பிளாக் ஜாக்ஸ் குழுவின் கதை

வேலைக்காக ஜோஹன்னஸ்பர்க் வந்திருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. பிளாக் ஜாக்ஸ் என்ற இங்குள்ள ராக் குழு 2021-இல் வெளியிட்ட 'அபன்டு / பிஃபோர் ஹியூமன்ஸ்' ஆல்பத்தைக் கேட்டிருக்கிறார், மிகவும் பிடித்துவிட்டதாம். பிறகு 2009-இல் வந்த முதல் ஆல்பத்தைத் தேடிப் போட்டால், வேறு யாரோ வாசிப்பது போல இருக்கிறது என்கிறார். இரண்டும் ஒரே குழுதானா, நடுவில் ஏன் இத்தனை காலம், எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்பதுதான் அவர் கேட்பது.

சுருக்கமாகச் சொன்னால், பெயர் அதே பெயர், நால்வரில் மூவர் அதே மூவர், பாடியவர் மட்டும் இப்போது குழுவில் இல்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் அந்தக் குழுவுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். பாடகர் போய்விட்டால் பல குழுக்கள் கலைந்துவிடும். சில குழுக்கள் அதே குரலுள்ள இன்னொருவரைப் பிடித்து வந்து பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்கும். இவர்கள் இரண்டையும் செய்யவில்லை. முதல் ஆல்பத்தின்போது இவர்கள் வெளிநாடு கொண்டாடிய திறமையான ஒரு ராக் குழு. தங்களுக்கென்று ஒரு குரலை இவர்கள் கண்டுபிடித்தது, வெளியே யாரும் கவனிக்காத அந்த 12 ஆண்டில்தான் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் ஊர். ஜோஹன்னஸ்பர்குக்குத் தென்கிழக்கே, ஈஸ்ட் ராண்ட் பகுதியில் ஸ்ப்ரூட்வியூ என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. பக்கத்திலுள்ள கட்லெஹாங் மாதிரி நெருக்கடியான டவுன்ஷிப் (நிறவெறி ஆட்சி கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய குடியிருப்பு) இல்லை. நிறவெறி ஆட்சியின் கடைசிக் காலத்தில், கையில் கொஞ்சம் காசு சேர்ந்த கறுப்பினக் குடும்பங்கள் வீடு கட்டிக் குடியேறிய இடம். அங்கே ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் லிண்டா புத்தெலேசியும் ம்பூமி ம்காட்டாவும். லிண்டா இங்கே ஆண்களுக்கும் வைக்கும் பெயர்தான், குழப்பிக்கொள்ள வேண்டாம். இருவரும் கிட்டார் வாசிப்பவர்கள். லிண்டா பாடவும் செய்வார். 2000-இல் இவர்கள் தொடங்கியதுதான் பிளாக் ஜாக்ஸ். பெயரை எழுதும்போது ஆங்கில உயிரெழுத்துகளை விட்டுவிட்டு BLK JKS என்று ஆறு எழுத்தாக எழுதுவார்கள். இணையத்தில் தேடும்போது அப்படித் தேடினால்தான் கிடைக்கும்.

பிறகு ஜோஹன்னஸ்பர்கின் பெரிய டவுன்ஷிப்பான சொவெட்டோவிலிருந்து இருவர் சேர்ந்தார்கள். பேஸ் கிட்டாருக்கு மொலெஃபி மகனனிசே, டிரம்ஸுக்கு ட்ஷெபாங் ரமோபா. இந்த இருவரின் வரவை நான் பெரிதாக நினைக்கிறேன். லிண்டாவும் ம்பூமியும் வைத்திருந்தது கிட்டாரைச் சுற்றிய கனவு மாதிரியான ஓர் இசை. அதற்குக் கீழே டப் (ரெகேயிலிருந்து பிறந்த, பேஸும் எதிரொலியும் மிகுந்த இசை), ஜாஸ், சொவெட்டோவின் நடனத் தாளம் எல்லாவற்றையும் கொண்டுவந்து தரையைப் போட்டவர்கள் மொலெஃபியும் ட்ஷெபாங்கும். இன்றைக்கும் குழுவின் எந்தப் பாட்டைக் கேட்டாலும் முதலில் காதில் விழுவது இவர்கள் இருவரும்தான்.

அந்தக் காலத்து நிலைமையையும் சொல்ல வேண்டும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே எந்த டாக்சியில் ஏறினாலும் டவுன்ஷிப் இளைஞர்களின் நடன இசையான க்வைட்டோ ஓடிக்கொண்டிருக்கும். ராக் என்றால் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் இசை என்ற நினைப்பு இரு பக்கமும் உறைந்திருந்தது. கறுப்பினப் பையன்கள் நால்வர் எலெக்ட்ரிக் கிட்டாரோடு மேடையேறினால் வடக்குப் புறநகர் கிளப்பிலும் வியப்பாகப் பார்ப்பார்கள், டவுன்ஷிப்பிலும் வியப்பாகப் பார்ப்பார்கள்.

ஆனால் இந்த நினைப்பு சரித்திரத்துக்குப் பொருந்தாதது. 1970-களின் சொவெட்டோவில் ராக் நன்றாகவே வேர்விட்டிருந்தது. பீட்டர்ஸ் என்றொரு குழு இருந்தது, பின்னால் ஹராரி என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். செல்பி ன்டூலி, அலெக் கௌலி, சிப்போ மபூசே ஆகியோர் இருந்த குழு. ரொடீசியாவுக்கு (இன்றைய ஜிம்பாப்வே) கச்சேரிக்குப் போய்வந்த பிறகு, அங்கே சாலிஸ்பரி (இன்றைய ஹராரே) நகரத்தை ஒட்டியிருந்த டவுன்ஷிப்பின் பெயரையே தங்களுக்குச் சூட்டிக்கொண்டவர்கள். ஃபங்க், ராக், ஆப்பிரிக்கத் தாளம் மூன்றும் அவர்களிடம் ஒன்றாகவே இருந்தன. பட்சுமி என்று இன்னொரு குழு, 1974-இல் ஓர் ஆல்பம் வெளியிட்டது. புல்லாங்குழலும் கை மேளமும் கிட்டாரும் சேர்ந்து, நீண்டு நீண்டு போகும் பாட்டுகள். இந்த இரண்டையும் கேட்டுவிட்டு பிளாக் ஜாக்ஸைக் கேட்டால், இவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிறகு ஏன் அந்த நூல் அறுந்தது? ஒரு முக்கியமான காரணம் வானொலி. அரசு நடத்திய ரேடியோ பன்டு, கறுப்பினத்தவரின் மொழிகளில் ஸூலுவுக்கு ஒரு நிலையம், ஸோத்தோவுக்கு ஒரு நிலையம், கோஸாவுக்கு ஒரு நிலையம் என்று பிரித்தே வைத்திருந்தது. ஒரே பாட்டில் இரண்டு மொழி கலந்தால் ஒலிபரப்ப மாட்டார்கள். ஜானி கிளெகும் சிப்போ ம்சூனுவும் நடத்திய ஜுலூகா குழு ஆங்கிலத்தையும் ஸூலுவையும் கலந்து பாடியதற்காகவே வானொலியில் அடிபட்டது. நம் ஆட்களான இந்தியர்களுக்கும் 1983-இல் ரேடியோ லோட்டஸ் என்று தனி நிலையம் வைத்தார்கள். அது வந்த பிறகு டர்பனில் தமிழ்ப் பாட்டு வீட்டுக்குள் தாராளமாக ஒலித்தது என்பது உண்மை, அதற்கு நன்றி உண்டு. ஆனால் அவரவர் இசை அவரவர் வேலிக்குள் என்ற ஏற்பாடு அதனால் இன்னும் கெட்டிப்பட்டது. லெனேஷியாவுக்கும் சொவெட்டோவுக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான். இந்தியர்களைக் கொண்டுவந்து குடிவைத்த லெனேஷியாவில் வளர்ந்த என் வயதுக்காரர்களில் ஹராரியைத் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு.

டர்பன் என்றதும் ஃப்ளேம்ஸ் குழுவைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் குடும்பம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது, பெரியவர்கள் இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் முகம் மலர்வார்கள். 1963-இல் டர்பனில் தொடங்கிய குழு. ஃபட்டார் சகோதரர்கள் அதன் அச்சாணி, பின்னால் பிளாண்டி சாப்ளின் வந்து சேர்ந்தார். சட்டம் இவர்களை வெள்ளையரல்லாதவர் என்று வகைப்படுத்தியிருந்தது. எங்கே வாசிக்கலாம், யார் முன்னால் வாசிக்கலாம் என்பதையெல்லாம் அந்தச் சட்டமே தீர்மானித்தது. லண்டனுக்குப் போனார்கள். பீச் பாய்ஸ் குழுவின் கார்ல் வில்சன் இவர்களை அமெரிக்காவுக்கு அழைத்து, 1970-இல் ஓர் ஆல்பத்தைத் தயாரித்துக் கொடுத்தார். அதன்பிறகு குழு கலைந்தது. ரிக்கி ஃபட்டாரும் பிளாண்டி சாப்ளினும் 1972-இல் பீச் பாய்ஸிலேயே சேர்ந்துவிட்டார்கள். 1973-இல் வந்த 'ஹாலண்ட்' ஆல்பத்தில் 'செயில் ஆன், செய்லர்' என்ற பாட்டைப் பாடியிருப்பது டர்பன்காரரான பிளாண்டிதான். ஸ்டீவ் ஃபட்டார் மட்டும் டர்பனுக்குத் திரும்பி, 2020-இல் காலமாகும்வரை அந்த ஊர் இசைக்காரராகவே இருந்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஃப்ளேம்ஸுக்கு ஊரைவிட்டுப் போவது ஒன்றுதான் வழி. போனதும் குழு என்ற ஒன்று மிஞ்சவில்லை. பிளாக் ஜாக்ஸும் போனார்கள், ஆனால் திரும்பி வந்து சேர்ந்தே வாசித்தார்கள். அவர்கள் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

சரி, போன கதை. அமெரிக்க டிஜே டிப்லோ தென்னாப்பிரிக்கா வந்தபோது இவர்களைக் கேட்டார், அங்கே போய்ச் சொன்னார். 2008-இல் ஃபேடர் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை இவர்களை அட்டையில் போட்டது. வெளிநாட்டில் ஓர் ஆல்பம்கூட வந்திராத குழுவுக்கு அது பெரிய விஷயம். 2009-இல் நியூயார்க்கில், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்டிய எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில் பதிவான 'மிஸ்டரி' என்ற சிறிய தொகுப்பு நான்கு பாட்டுகளோடு வந்தது. அதே ஆண்டு டெக்சாஸின் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் வாசித்தார்கள். செப்டம்பரில் முதல் முழு ஆல்பம் 'ஆஃப்டர் ரோபோட்ஸ்', இண்டியானா மாநிலத்து சீக்ரெட்லி கனேடியன் என்ற லேபிளில் (இசை வெளியீட்டு நிறுவனம்) வெளியானது. தயாரித்தவர் சீக்ரெட் மெஷின்ஸ் குழுவின் பிராண்டன் கர்டிஸ்.

அந்த ஆல்பம் எப்படிப்பட்டது? அபாரமான, மூச்சுமுட்டும் ஆல்பம். முதல் பாட்டு 'மொலலட்லாடி' பித்தளை ஊதிகளோடும் கூட்டுக் குரலோடும் பாய்ந்து வரும். 'பன்னா பா மொதிமோ' நடுவழியில் தன்னையே உடைத்துக்கொண்டு வேறு தாளத்துக்குத் தாவும். 'ஸ்கெலிடன்' டப். கடைசியில் 'செலானே', ஸோத்தோ நாட்டுப்புறக் கதையில் வரும் பெண்ணின் பெயரில் அமைந்த மெதுவான பாட்டு, ஆல்பத்தில் எனக்குப் பிடித்தது அதுதான். ஆங்கிலம், ஸூலு, ஸோத்தோ எல்லாம் ஒரே ஆல்பத்தில், ஒருவரிடமும் அனுமதி கேட்காமல் கலந்து வருகின்றன. ரேடியோ பன்டு காலத்தை நினைத்துப் பார்த்தால் அந்தச் சுதந்திரத்தின் அருமை புரியும்.

குறையும் உண்டு. எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் முன்னால் வர முண்டுகிறது, லிண்டாவின் குரல் எதிரொலிக்குள் மூழ்கி எட்டத்தில் கேட்கிறது. நிறைய விமர்சகர்கள் அதை டிவி ஆன் த ரேடியோ, மார்ஸ் வோல்டா போன்ற அமெரிக்கக் குழுக்களோடு ஒப்பிட்டார்கள். கேட்பவருக்குத் தெரிந்ததோடுதான் ஒப்பிட முடியும், அதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் ஹராரி, பட்சுமி என்ற வம்சம் அந்த எழுத்துகளில் அநேகமாக இடம்பெறவில்லை. புரூக்ளின் குழுவுக்கு ஆப்பிரிக்கத் தம்பி என்ற இடத்தில் இவர்களை உட்காரவைத்துவிட்டார்கள். அந்த நாற்காலி இவர்களுக்கு எப்போதுமே பொருந்தவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

2010-இல் உலகக் கோப்பைக் கால்பந்து இங்கே நடந்தது. ஜூன் 10 அன்று, போட்டி தொடங்குவதற்கு முந்தைய இரவு, சொவெட்டோவின் ஓர்லாண்டோ ஸ்டேடியத்தில் பெரிய தொடக்கக் கச்சேரி. ஷகீரா, அலிசியா கீஸ், பிளாக் ஐட் பீஸ், மாலியிலிருந்து டினாரிவென், வியூ ஃபர்கா டூரே எல்லாரும் வந்திருந்தார்கள். பிளாக் ஜாக்ஸ் அலிசியா கீஸோடு சேர்ந்து வாசித்தார்கள், தொலைக்காட்சியில் பல நாடுகள் பார்த்த நிகழ்ச்சி. அதையொட்டி 'ஸோல்!' என்று ஒரு சிறு தொகுப்பும் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் உச்சி அதுதான்.

அதற்கடுத்த சில ஆண்டுகளில் லிண்டா குழுவைவிட்டு விலகினார். குழுவைத் தொடங்கிய இருவரில் ஒருவர், பாட்டெழுதியவர், முகமாக இருந்தவர். காரணத்தை ஊகித்து எழுதுவது எனக்குப் பிடிக்காது, அது அவர்களுடைய சொந்த விஷயம். அதன் விளைவு மட்டும் இசையில் தெளிவாகக் கேட்கிறது. மீதி மூவரும் புதுப் பாடகரைத் தேடவில்லை. பாடுவதைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். கொஞ்ச காலத்தில் டெபோகோ செய்டே என்ற டிரம்பெட் கலைஞர் சேர்ந்தார். முன்பு ஒற்றைக் குரல் நின்ற இடத்தில் இப்போது டிரம்பெட்டும் கூட்டுக் குரலும் நிற்கின்றன. இரண்டு ஆல்பங்களும் வேறு யாரோ வாசித்தது போல இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். ஒருவர் பாட, மற்றவர் துணைக்கு வாசிக்கும் அமைப்பு போய், ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க எல்லாரும் வாங்கிப் பாடும் அமைப்பு வந்துவிட்டது. காவடிக்கு உறுமி மேளத்தோடு கூட்டமாகப் பாடிப் போவதை இங்கே மெல்ரோஸ் முருகன் கோயிலில் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதே இல்லை.

இந்த இடைவெளியில் சும்மா இருந்தார்களா என்றால் இல்லை. ம்பூமியும் ட்ஷெபாங்கும் ஜோவோ ஒரெக்கியாவோடு சேர்ந்து மோட்டெல் மாரி என்ற இன்னொரு குழுவில் மின்னிசையோடு விளையாடினார்கள். 2014 டிசம்பரில் ஃபூ ஃபைட்டர்ஸ் இங்கே வந்தபோது, அவர்களுக்கு முன்னால் வாசித்தது பிளாக் ஜாக்ஸ். ஜோஹன்னஸ்பர்கில் அது நடந்தது எஃப்.என்.பி. ஸ்டேடியத்தில், சொவெட்டோவின் வாசலில்.

ஆனால் ஆல்பம் மட்டும் வரவில்லை. இதில் பணத்தின் பங்கையும் சொல்ல வேண்டும், ரசிகர்கள் இதைப் பேசுவதே இல்லை. 2009-இல் ஒரு டாலருக்குச் சுமார் 8 ரேண்ட். 2021-இல் 15-ஐ ஒட்டிப் போய்விட்டது. இங்கே ரேண்டில் சம்பாதித்து அங்கே டாலரில் டிக்கெட், வேன், தங்குமிடம் என்று செலவழித்துச் சுற்றிவருவது நான்கு பேருள்ள குழுவுக்கு எவ்வளவு பாரம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளூரில் ராக் குழுவுக்கு மேடைகள் குறைவு, ஒரு நகரத்துக்கும் அடுத்த நகரத்துக்கும் தூரம் அதிகம். டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர், கேப் டவுன் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். லண்டன் குழு ஒரு வாரத்தில் எட்டிவிடும் ஊர்களை எட்ட இங்கே மாதக்கணக்காகும். ஒரு குழு 12 ஆண்டு கலையாமல் இருந்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்புறம் அந்தத் திருட்டு. இரண்டாவது ஆல்பத்துக்காக மெல்ல மெல்லப் பதிவுசெய்து வைத்திருந்ததெல்லாம் ஹார்ட் டிரைவோடு களவு போனது. ஸ்டுடியோவுக்குள் யாரோ உடைத்துப் புகுந்துவிட்டார்கள். அத்தனை உழைப்பும் போன பிறகு, கைவிட்டுவிடலாம் என்று நினைத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர்கள் சொவெட்டோ தியேட்டருக்குப் போய், மூன்றே நாளில் ஆல்பத்தை மறுபடி வாசித்துப் பதிவுசெய்தார்கள். ஜபுலானியில் இருக்கும் அந்த அரங்கத்தை வண்ணச் சுவர்களோடு நீங்கள் பார்த்திருக்கலாம்.

களவு போன பதிவை நாம் கேட்க வழியில்லை, அதனால் எது மேல் என்று ஒப்பிட முடியாது. ஆனால் வந்திருக்கும் ஆல்பத்தின் உயிரே அந்த மூன்று நாளில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நீண்ட காலம் மேடையில் வாசித்துப் பழகிய கைகள், திருத்திக்கொண்டிருக்க நேரமில்லாத நெருக்கடி, ஒரே அறையில் நிற்கும் ஆட்கள். முதல் ஆல்பத்தில் அடுக்கடுக்காகச் சேர்த்துக்கொண்டே போன இசை இங்கே காற்றோட்டமாக இருக்கிறது. டிரம்ஸ் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். 2020 மார்ச் 27 முதல் நாடு முழுக்க ஊரடங்கு வந்து கச்சேரிகள் நின்றுபோனதால், ஆல்பம் மேடைத் துணை இல்லாத காலத்தில், 2021 மே மாதம், ஜெர்மனியின் கிளிட்டர்பீட் லேபிளில் வெளியானது.

அதில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 'ஹராரே' பாட்டில் லெசோத்தோவின் மொரேனா லெராபா பாடுகிறார். மேய்ப்பர்களின் போர்வையும் தொப்பியும் அணிந்து மேடையேறுபவர், ஸோத்தோவில் பாடுபவர். மாலியின் பழைய பேரரசர் மன்சா மூசாவின் பெயர் தாங்கிய பாட்டில் மாலியின் வியூ ஃபர்கா டூரே கிட்டார் வாசிக்கிறார். இவர் அலி ஃபர்கா டூரேயின் மகன், ஓர்லாண்டோ ஸ்டேடியத்தில் 2010-இல் வாசித்தவர். முதல் ஆல்பத்துக்குக் கைகொடுத்தவர்கள் அமெரிக்கர்கள். இரண்டாவதில் இவர்கள் திரும்பியிருக்கும் திசை லெசோத்தோ, மாலி நாடுகளின் தலைநகரங்களான மசேரு, பமாக்கோ. பாட்டுகளும் நிலம், கொள்ளை, புரட்சி என்று இங்குள்ளவர்களுக்கு முதல் சொல்லிலேயே பிடிபடும் விஷயங்களைத் தொடுகின்றன. முதல் ஆல்பத்துக்கு முன்கதை போல இதை அமைத்திருப்பது பெயரிலேயே இருக்கிறது: அது ரோபோக்களுக்குப் பின், இது மனிதர்களுக்கு முன்.

இனி எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்வி. நீங்கள் புது ஆல்பத்தில் தொடங்கியதே நல்லது. அதில் 'யோயோ!', 'ஹராரே' இரண்டையும் பேஸ் நன்றாகக் கேட்கும் ஸ்பீக்கரில் போடுங்கள். கைபேசி ஸ்பீக்கரில் மொலெஃபி காணாமல் போய்விடுவார், அவர் இல்லாவிட்டால் பாதிப் பாட்டு இல்லை. அடுத்து 2009 ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து போடாமல் கடைசிப் பாட்டான 'செலானே'யிலிருந்து பின்னோக்கிக் கேளுங்கள். லிண்டாவின் குரல் அதில் தெளிவாக நிற்கிறது. அந்தக் குரல் பழகிய பிறகு 'லேக்சைட்', 'மொலலட்லாடி' எல்லாம் கூச்சலாகத் தெரியாது. 'மிஸ்டரி' தொகுப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

அதோடு ஹராரி, பட்சுமி இரண்டையும் தேடிப் பிடியுங்கள். பட்சுமியின் 1974 ஆல்பத்தையும், பீட்டர்ஸ் 'ஹராரி' என்ற பெயரில் வெளியிட்ட ஆல்பத்தையும் மட்சூலி மியூசிக் என்ற லேபிள் மறுபடி பதிப்பித்திருக்கிறது, அதனால் நல்ல ஒலித்தரத்தில் கிடைக்கும். எங்கள் பக்கம் லெனேஷியா வந்தால் சொல்லுங்கள் தம்பி, என்னிடம் இருக்கும் தட்டுகளைச் சேர்ந்தே கேட்கலாம்.